எட்டு மணி

தென்காசிக்கு மாற்றலாகி வந்த இரண்டே மாதத்தில் குருவானவர் ஞானாபரணம் ஐயர் தேவாலய ஊழியர்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டார். உபதேசியார் முதல், சம்பளமில்லாமல் பாய் விரிக்கும் பெண்கள் வரை எல்லாருக்கும் நேரம் எழுதிக் கொடுத்தாயிற்று. அடங்காதவர் ஒருவர்தான்: கோயில் மணி அடிக்கும் வேதமுத்து.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தினார்.

"ஆராதனை மணி எப்ப அடிக்கணும்வே?"

"எட்டுக்கு, ஐயா."

"நீரு அடிக்கது?"

"கொஞ்சம் பிந்திருது ஐயா."

"முந்தின ஐயர் காலத்துல டாண்ணு அடிச்சீராமே! நீரு மணி அடிக்கையில நான் என்னைக்காவது வாசல்ல இல்லாம இருந்திருக்கேனா?"

"ஒரு நாளும் இல்ல ஐயா."

"அதாம்வே ஒழுங்கு! மேல இருக்கவன் நடந்து காட்டணும்."

ஐயர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வேதமுத்துவின் கையில் கட்டினார்.

"நாளைக்கு ஒரு நிமிசம் பிந்துச்சோ, வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேதமுத்து கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார்.

ஞாயிறு காலை, சாரல் காற்றில் மணியோசை கணீரென்று வந்தது. குதிரைவண்டிக்குள் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த ஐயர் திடுக்கிட்டார். குற்றாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வண்டி அப்போதுதான் பாதி வழியில் மேலகரத்தைத் தாண்டியிருந்தது.

"ஏ சங்கிலிப்பாண்டி, இன்னைக்கு அருவியில ரொம்ப நேரம் நின்னுட்டமோ?"

"வாராவாரம் நிக்கதுதான சாமி," என்றான் வண்டிக்காரன். "நம்ம குதிரை தெருமுனை திரும்புன பொறவுதான் வேதமுத்து அண்ணாச்சி கயித்தையே தொடுவாரு. இன்னைக்கு அவருக்கு என்ன அவசரமோ!"