சிரிக்காத ராணி

ராயபுரத்துப் பழைய கிடங்கில் நாடக ஒத்திகை நடக்கிறது. கூரைத் தகர ஓட்டையில் இறங்கும் மாலை வெயில் உஸ்மாவின் அட்டைக் கிரீடத்தில் சுடுகிறது. அவள்தான் கார்டிமாண்டுவா, ரோமானியரோடு கூட்டுச் சேர்ந்து பிரிட்டனின் ஒரு குலத்தை ஆண்ட ராணி. தன்னிடம் அடைக்கலம் கேட்டு வந்த கலகத் தலைவனை ரோமானியரிடம் ஒப்படைக்கும் காட்சி இது. தலைவனாக நடிக்கும் சித்தார்த் லாரிச் சங்கிலியில் கட்டுண்டு மண்டியிட்டிருக்கிறான். "துரோகிம்மா அவ, சிரிச்சுகினே குடு," என்று இயக்குநர் லோகநாதன் மூன்றாம் முறையாகச் சொல்கிறார். உஸ்மாவுக்கு உச்சி கொதிக்கிறது. "இன்னா சார் சிரிப்பு? வாசல்ல பட்டாளம் நின்னுகினு கீது. குடுக்கலன்னா ஊரையே கொளுத்துவானுங்க. அவளுக்குச் சிரிப்பா வரும்?" வெளியே கன்டெய்னர் லாரி உறுமிப் போக, தகரம் அதிர்கிறது. அவள் சங்கிலி நுனியை, ரோமானியத் தளபதியாக நிற்கும் தப்ரேஸின் மார்பில் வீசுகிறாள். "இந்தா, இட்டுனு போ. எங்க சனத்துல ஒருத்தர் மேல கை வெச்சுப் பாரு!" யாரும் சொல்லாமலே தப்ரேஸ் ஓரடி பின்வாங்குகிறான்.