லேசான மஞ்சள்

என் கண்ணாடியின் திருகை முடுக்கிக் கொடுத்துப் பத்து நிமிடமாகிறது. எழுந்துபோக எனக்குத்தான் மனசில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, புகாரோடு வந்திருக்கும் ஒரு தையற்காரரின் புதுக் கண்ணாடியையும் பக்கத்தில் ஒரு சாதாரண லென்ஸையும் வைக்கிறார். லென்ஸுக்குக் கீழே தாள் வெள்ளையாகவே இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே, துவைத்தும் போகாத டீக்கறைபோல் லேசான மஞ்சள். “நாப்பது வெள்ளைச் சட்டைக்குச் சந்தன நூல் போட்டுத் தைச்சிருக்கேங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. நாளைக் காலைக்குள்ள பிரிச்சுத் தைக்கலைன்னா வேலைக்கே வர வேண்டாம்னுட்டார் முதலாளி,” என்கிறார் தையற்காரர். “இது நீல வெளிச்சத்தைத் தடுக்கிற பூச்சு. கேட்டாத்தான் போடுவோம்,” என்று கடைக்காரர் ஆர்டர் சீட்டைத் தேடுகிறார். தையற்காரருக்குப் பின்னால் நிற்கும் அவர் மனைவி, வேண்டாமென்று கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டுகிறாள். அதைப் பார்க்காததுபோல் நான் நன்றாகப் பார்க்கிறேன். சீட்டு அகப்பட்டுவிடுகிறது. கடைக்காரர் அதை மடிக்கிறார். மடித்ததை மறுபடி மடிக்கிறார். “யாருங்க கேட்டது?” என்று கேட்கிறார் தையற்காரர். “எந்நேரமும் போனையே பார்க்கிறீங்களே, கண்ணு கெட்டுடுமேன்னு நான்தான்...” என்று மனைவி தரையைப் பார்த்துச் சொல்கிறாள். “வேற லென்ஸ் வர மூணு நாளாகும்,” என்கிறார் கடைக்காரர். “சரி, பழைய கண்ணாடியை எடுத்துக் குடு. அதுல தைக்கிறேன்.” “அது மேல நேத்து உக்காந்துட்டேங்க.” தையற்காரர் குரல் வந்த பக்கம் திரும்புகிறார். வெறுங்கண்ணுக்கு அவள் முகம் எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை போலும், முறைக்கவும் வழியில்லை. கையால் தாளைத் துழாவி, அதே மஞ்சளை எடுத்து மாட்டிக்கொண்டு முறைக்கிறார்.