புதுக் கைப்பிடி

கணவர் காலமான பிறகு முதல்முறையாக அவள் வீட்டுக்கென்று ஆசையாக வாங்கியது, சமையலறை அலமாரிகளுக்குப் பித்தளைக் கைப்பிடிகள். மகள்தான் வந்து மாட்டினாள். அடுப்போரக் கதவில் மட்டும் திருகாணி பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது.

“அப்பா இருந்தா நூல் சுத்தி முடுக்கியிருப்பாரு.”

“விடுடி, கார்பெண்டரைக் கூப்பிட்டுக்கறேன்.”

மகள் மாலையே கிளம்பிவிட்டாள். இரவு அடுப்பைத் துடைக்கும்போதும் அந்தக் கைப்பிடி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

காலையில் அந்தக் கைப்பிடி ஆடவில்லை. கழற்றிப் பார்த்தாள். திருகாணியில் நீல நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிற நூல்.

அவளுக்குக் கண் கலங்கியது.

“இருந்தப்போ பத்து தடவை சொல்லணும். இப்பவாவது கேக்காமலே செஞ்சீங்களே, நல்லா இருங்க.”

கைப்பிடியைத் திரும்ப முடுக்கினாள். பிறகு பக்கத்துக் கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, நூல்கண்டை மேடைமேல் எடுத்து வைத்தாள்.