கிட்ட வந்து பார்த்தால்

“இந்தத் தழும்பு முழுசா மறைஞ்சிடுமா?”

“நிறம் மறைஞ்சிடும்க்கா. மேடு மட்டும் கிட்ட வந்து பார்த்தா லேசா தெரியும்,” என்றாள் பார்லர் பெண், கன்னத்தில் கன்சீலரை ஒற்றியபடி. “கல்யாணம் உங்களுக்கா?”

“இல்லம்மா, என் தம்பிக்கு. சின்ன வயசுல தெரியாம வெந்நீரை என்மேல கவிழ்த்தவன் அவன்தான். அன்னையிலருந்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்ல. இன்னைக்காவது பார்க்கட்டுமேன்னுதான்.”

கதவு திறந்தது.

“அக்கா, கார் வந்தாச்சு,” என்று தரையிடம் சொன்னான் தம்பி.

“எப்படிடா இருக்கேன்? பார்த்துச் சொல்லு.”

தயங்கித் தயங்கி நிமிர்ந்தவன், அப்படியே நின்றான். அவள் சிரித்தாள்.

“அக்கா... உனக்குச் சிரிச்சா கன்னத்துல குழி விழுமா?”

அவள் பார்லர் பெண்ணின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா, மேக்கப் கலைஞ்சிடும்.”

“கலையட்டும்மா. அவன் பார்த்துட்டான்.”