சோதிக்க வந்த மேடம்

இந்த மனுஷன் இப்படிச் சிரித்தால் எங்கோ பூசி மெழுகியிருக்கிறார் என்று அர்த்தம்.

புது வீட்டைச் சோதிக்க வந்த இன்ஜினியரம்மா, எதிரே பல்லைக் காட்டி நின்ற காண்ட்ராக்டரைப் பார்த்து அப்படித்தான் நினைத்தாள். நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அது வடிகாலை மதிக்காமல் படுக்கையறைக்குக் கிளம்பியது.

"காத்து அப்படி அடிக்குது மேடம்," என்றார் காண்ட்ராக்டர்.

அடுத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு டைல்ஸை மட்டும் தட்டினாள். உள்ளே வெறும் காற்று.

வீடு வாங்கும் டீச்சரின் கணவர் வாயைப் பிளந்தார். "எப்படிங்க நேரா அங்கயே போறீங்க?"

"பதினோரு வருஷ அனுபவம் சார்."

டீச்சர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

காண்ட்ராக்டர் இன்ஜினியரம்மாவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேனாவை நீட்டினார். "எல்லாம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுடும்மா. இவங்க சாவி வாங்கலேன்னா என் பேரு நாறிடும். நம்ம வீட்டுக் குளியலறையையும் இந்த மாசமே இடிச்சு சரி பண்ணிடறேன். கட்டின புருஷன் மானத்த நீயே வாங்கலாமா?"

"நான் உங்க பொண்டாட்டின்னு டீச்சருக்குத் தெரியும். நீங்க கட்டின வீட்டுல குடியிருக்கிற இன்ஜினியர்தான் வேணும்னு என்னைத் தேடி வந்தாங்க."

பேனாவை மூடி, அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள்.