ஈரச் சாக்கு

மணற்காட்டுக் கரையில் அன்று பின்னேரம் நின்றவர்கள்: லொறிக்காரப் பிலிப்பு, டிராக்டர் கொண்டுவந்த சீவரத்தினம், கயிறு கொண்டுவந்த கனிசியஸ். கனிசியஸை மாசி மாதம் அடக்கம் செய்திருந்தார்கள். புதைந்த லொறியொன்றை இழுக்கும்போது சங்கிலி அறுந்து அவன் நெஞ்சில் அடித்திருந்தது.

இப்போது பிலிப்பின் லொறி அச்சுவரை மணலில் புதைந்து கிடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. லொறி போனால் அவனுக்குப் பிழைப்பில்லை. அதனால் அவன் எதையும் கேட்கவில்லை.

சீவரத்தினம் சங்கிலியைத் தூக்கினார்.

"உந்தச் சங்கிலியை எறியுங்கோ அண்ணை. உது என்னைத் திண்டது காணும்," என்றான் கனிசியஸ்.

நைலோன் கயிற்றை முழுக்கத் தடவிப் பார்த்து, நைந்த துண்டை வெட்டி எறிந்தான். பம்பரில் கட்டாமல் அடிச்சட்டத்தில் முடிந்தான். லொறியின் சில்லுகளுக்கு முன்னால் மணலைத் தோண்டிப் பனைமட்டை பரப்பினான். கடைசியில் ஒரு சாக்கைக் கடலில் நனைத்து, கயிற்றின் நடுவில் போட்டான். உயிரோடு இருந்தபோதும் கெட்டிக்காரன்தான். இப்போது இன்னும் திருத்தம் என்று பிலிப்புக்குப் பட்டது.

"ஸ்ரேறிங்கை நான் பிடிக்கிறன். நீ கயிற்று நீளத்துக்கு அங்காலை நில் மச்சான். எனக்குத் துணை தேவையில்லை," என்றான் கனிசியஸ்.

சீவரத்தினம் டிராக்டரால் இழுத்தார். லொறி மேட்டில் ஏறியதும் கயிறு அறுந்தது. துள்ளவில்லை. ஈரச் சாக்கின் பாரத்தோடு பொத்தென்று மணலில் விழுந்தது.

"மனிசன் செத்தும் தொழிலை விடேல்லை," என்றார் சீவரத்தினம்.

பிலிப்பு கனிசியஸை அவன் வீட்டு வாசலில் இறக்கினான். கறுப்புச் சீலையோடு மனைவி மார்கிரட் கதவைத் திறந்தாள்.

"இண்டைக்கு ஆருடைய லொறி? கால் மண்ணைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."

அவன் கால் கழுவி உள்ளே போனான். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.