தலைக்கு உயரம்

மிளகு பறிக்க மரமேறி விழுந்த கருப்பண்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் கொல்லிமலையிலிருந்து இறங்கியது. பின்சீட்டில் குறட்டை தூள் பறந்தது.

“ஏனுங்க்கா, இந்த வளைவுலயும் மாமா என்னமா தூங்குறாரு!” டிரைவர் மணிவண்ணன் சிரித்தான்.

பயந்து கிடந்த அம்சவேணிக்கு உயிர் வந்தது. “விழுந்த அசதி சாமி. குலுங்காம ஓட்டு.” மாற்றுச் சேலையை மடித்துப் புருசன் தலைக்கு உயரமாக வைத்தாள்.

அடிவாரத்தில் குறட்டை நின்றது.

“இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாரு,” என்றாள் அம்சவேணி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியிலிருந்து கையை எடுத்தார். “அது குறட்டை இல்லம்மா. நாக்கு சரிஞ்சு மூச்சை அடைச்ச சத்தம். தலைக்கு உயரம் வைக்காம, தாடையைத் தூக்கிப் பிடிச்சிருந்தா பொழச்சிருப்பாரு.”

அம்சவேணி அவன் தலைக்கடியிலிருந்த சேலையை உருவினாள். இன்னும் சூடாக இருந்தது.

“எங்கூட்டுக்காரருக்குக் குறட்டையே வராதுங்களே...” என்றாள்.